28 மூலை ஊர்

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சில ஆண்டுகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



அமெரிக்கத் தேர்தல் என்றதும் நமக்குத் தொலைக்காட்சியில் காட்டுகிற அந்தப் படம்தான் ஞாபகத்துக்கு வரும். பாதி சிவப்பு, பாதி நீலம். இந்த மாநிலம் இவருக்கு, அந்த மாநிலம் அவருக்கு. அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, ஆசையும் இல்லை. நான் பேசப் போவது ஒரே ஒரு சின்ன ஊரைப் பற்றி. இன்றைக்கும் பத்தாயிரம் பேர் தேறாத ஊர். அலபாமா மாநிலத்தில், மேக்கன் கவுண்டியின் தலைநகர். பேர் டஸ்கீகி. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்ம ஊர் தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கென்று ஷெரீப் உண்டு, பள்ளி வாரியம் உண்டு, வாக்காளர் பதிவு வாரியம் உண்டு. இந்தக் கடைசி வாரியத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் யாருக்கு ஓட்டுப் போடுகிறது என்று கேட்டால் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். மேக்கன் கவுண்டியில் 2008இலும் 2012இலும் ஒபாமாவுக்கும், 2016இல் ஹிலாரிக்கும், 2020இல் பைடனுக்கும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் விழுந்தது. சுற்றியிருக்கிற அலபாமா மாநிலமோ அசைக்க முடியாத குடியரசுக் கட்சிக் கோட்டை. இந்த எண்பதைப் பார்த்துவிட்டு, ‘கறுப்பர்கள் மொத்தமாகக் குத்துகிறவர்கள், ஓட்டு வங்கி’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வங்கி என்றால் போட்டதை எடுக்க முடியணும். இந்த ஊர்க்காரர்கள் போட்டது என்ன, எடுத்தது என்ன என்று பார்ப்போம்.

முதல் கணக்கே பெரிய கணக்கு. அடிமை முறை ஒழிந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். அப்போது கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு இருந்தது. 1870இல் வந்த 15ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கொடுத்த ஓட்டு. அவர்கள் லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சிக்குப் போட்டார்கள். வெள்ளை ஆதிக்கத்தின் கட்சியாக அன்றைக்கு இருந்தது ஜனநாயகக் கட்சி. இந்தத் தலைகீழை மறந்துவிட்டால் மற்றது எதுவும் புரியாது. மேக்கன் கவுண்டியிலிருந்து ஜேம்ஸ் ஆல்ஸ்டன் என்கிற செருப்புத் தைக்கிற தொழிலாளி சட்டமன்றத்துக்கே போனார். 1870இல் அவரைச் சுட்டு, ஊரை விட்டே விரட்டினார்கள். செருப்புத் தைக்கிறவன் சட்டம் செய்வதா என்கிற கோபம் எந்தக் கண்டத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

பத்து வருஷம் கழித்து, ஃபாஸ்டர் என்கிற வெள்ளை ஜனநாயகக் கட்சிக்காரர் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறார். ஜெயிக்கக் கறுப்பு ஓட்டு வேண்டும். லூயிஸ் ஆடம்ஸ் என்பவரிடம் வருகிறார். ஆடம்ஸ் முன்னாள் அடிமை; தகர வேலை, தோல் வேலை எல்லாம் தெரிந்த கைவினைஞர்; தன் மக்களிடம் செல்வாக்குள்ளவர். ‘ஓட்டு வாங்கித் தந்தால் என்ன வேண்டும்?’ என்று கேட்டாராம். பணம் கேட்டிருக்கலாம், பதவி கேட்டிருக்கலாம். ஆடம்ஸ் ஒரு பள்ளிக்கூடம் கேட்டார். ஃபாஸ்டர் ஜெயித்தார். மாநில அரசு வருஷத்துக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. 1881இல் புக்கர் டி. வாஷிங்டன் தலைமையில் தொடங்கிய டஸ்கீகி கல்வி நிலையம் அப்படிப் பிறந்ததுதான். உலகப் புகழ் பெற்ற அந்த நிறுவனம் ஓட்டுப் பேரத்தில் கிடைத்தது என்பதைச் சொல்ல அவர்களே கூச்சப்படுவதில்லை. ஏன் கூச்சப்படணும்?

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஓட்டுக் கொடுத்துப் பள்ளிக்கூடம் வாங்கினார்கள். பள்ளிக்கூடம் நின்றது. ஓட்டுப் போய்விட்டது.

1901இல் அலபாமா புதிய அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. வெள்ளை ஆதிக்கத்தைச் சட்டப்படி நிலைநாட்டுவதுதான் நோக்கம் என்று அந்த மாநாட்டின் தலைவரே மேடையில் அறிவித்தார். ஒளிவுமறைவே கிடையாது. ஆனால் சட்டத்தில் ‘கறுப்பன்’ என்ற வார்த்தையைப் போட முடியாது. 15ஆவது திருத்தம் குறுக்கே நிற்கிறது. அதனால் என்ன செய்தார்கள்? சொத்து இருக்கணும், எழுதப் படிக்கத் தெரியணும், வருஷத்துக்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்டியிருக்கணும் என்றார்கள். ஒரு வருஷம் தவறினால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். 36 டாலர் வரைக்கும் ஏறும். கூலிக்காரன் எங்கே போவான்? 1900இல் மாநிலத்தில் 1,80,000 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள். 1903இல் பதிவேட்டில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு.

இதிலேயும் தப்பி வருகிறவனை நிறுத்துவதற்குத்தான் பதிவு வாரியம். டஸ்கீகியில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். 1923இல் கறுப்பின ராணுவத்தினருக்காக மத்திய அரசு கட்டிய பெரிய மருத்துவமனை இருக்கிறது. அதில் டாக்டர்கள், நர்சுகள். இவர்களிடம் போய் எழுதப் படிக்கத் தெரியுமா என்று எப்படிக் கேட்பது? கேட்டார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது பிரிவை முழுசாகக் கையால் எழுதிக் காட்டச் சொன்னார்கள். பக்கம் பக்கமாக எழுதணும். ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் உள்ளே போகலாம். மற்றவர்கள் வெளியே வரிசையில். வெள்ளையர்களுக்குத் தனி அறை, தனி வேகம். எழுதி முடித்தாலும் போதாது. ஏற்கெனவே வாக்காளராக உள்ள ஒருவர் வந்து, ‘இவர் நல்லவர், எனக்குத் தெரியும்’ என்று உத்தரவாதம் தரணும். ஏற்கெனவே வாக்காளர் யார்? பெரும்பாலும் வெள்ளையர்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அப்பா முதன்முதலாக ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோது அறிமுகக் கையெழுத்துக் கேட்டார்கள். அந்தக் கிளையில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிற ஒருவர் போடணும். எங்கள் தெருவில் யாருக்கும் கணக்கில்லை. ஊர்த்தெருவில் மூன்று வீட்டு வாசலில் நின்றார். மூன்றாவது வீட்டுக்காரர் இரண்டு நாள் களத்து வேலைக்கு அப்புறம் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பற்றி அப்பா இன்றுவரை நன்றியோடுதான் பேசுகிறார். எனக்கு அந்த நன்றிதான் வலிக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

சார்லஸ் கொமில்லியன் என்று ஒரு சமூகவியல் ஆசிரியர். 1928இல் டஸ்கீகிக்கு வந்தவர். வாக்காளர் ஆனது 1939இல். எப்படி? வீடு கட்டினார். வேலையை எடுத்த வெள்ளைக்கார ஒப்பந்தக்காரரிடம், ‘எனக்கு உத்தரவாதம் தர வர்றதானால் வேலை உனக்கு’ என்கிற மாதிரி பேசி முடித்தார். வீடு கட்டக் காசு இருந்ததால் ஓட்டு. காசில்லாதவன்? அவனைப் பற்றிக் கொஞ்சம் கழித்துப் பேசலாம். பேசாமல் விடப் போவதில்லை. 1941இல் கொமில்லியனும் நண்பர்களும் டஸ்கீகி குடிமைச் சங்கத்தை உருவாக்கினார்கள். பொறுமையான ஆட்கள். மனுப் போடுவது, புள்ளிவிவரம் சேர்ப்பது, வழக்குப் போடுவது. இவர்கள் தொல்லை தாங்காமல் பதிவு வாரிய உறுப்பினர்கள் ராஜினாமா செய்துவிட்டுப் போனதெல்லாம் உண்டு. வாரியமே இல்லையென்றால் யாரிடம் போய்ப் பதிவாய்? இப்படி மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் கதவைச் சாத்தி வைத்தார்கள்.

அப்படியும் 1957 வாக்கில் ஊருக்குள் 400 கறுப்பின வாக்காளர்கள் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் போனால் நகரசபை கைமாறிவிடும். அப்போது அந்தக் கவுண்டியின் மாநில மேலவை உறுப்பினர் சாம் எங்கல்ஹார்ட். வெள்ளையர் குடிமக்கள் கவுன்சில் என்கிற ஆதிக்க அமைப்பின் முக்கியப் புள்ளி. அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். 140ஆம் எண் சட்டம். அதில் இனம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டுப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊரின் எல்லை இங்கிருந்து இத்தனை அடி, அங்கே திரும்பி இத்தனை அடி என்று வெறும் அளவுகள். சதுரமாக இருந்த ஊர், அந்தச் சட்டத்துக்குப் பிறகு 28 பக்கம் கொண்ட ஒரு விசித்திர உருவமாகிவிட்டது. அந்தக் கோடு கறுப்பர்களின் வீடு வரும் இடமெல்லாம் உள்ளே வளைகிறது, வெள்ளையர் வீடு வந்தால் வெளியே போய் அணைத்துக்கொள்கிறது. கல்வி நிலையம் முழுக்க ஊருக்கு வெளியே. 400 வாக்காளரில் நாலைந்து பேர் தவிர அத்தனை பேரும் வெளியே. வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியே போகவில்லை.

ஊருக்கு வெளியே என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அங்கே ஆளைத் துரத்தவில்லை. ஆள் அதே வீட்டில், அதே கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஊர் அவரை விட்டு நகர்ந்து போய்விட்டது.

இதோடும் விடவில்லை. மேக்கன் கவுண்டியையே கலைத்துப் பக்கத்துக் கவுண்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்க அதிகாரம் தரும் ஒரு திருத்தத்தையும் அதே 1957 கடைசியில் மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றினார்கள். கறுப்பர்கள் எண்பது சதவீதத்துக்கு மேல் வாழும் கவுண்டி. ஓட்டு அவர்கள் கைக்கு வருவதைவிட அந்தக் கவுண்டி வரைபடத்தில் இல்லாமலே போகட்டும்! கடைசியில் கலைக்கவில்லை. பக்கத்துக் கவுண்டிக்காரர்களுக்கும் அந்த ‘ஓட்டு’ வந்து சேருமே என்கிற பயம்தான் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

1957 ஜூன் 25ஆம் தேதி குடிமைச் சங்கம் சர்ச்சில் கூட்டம் போட்டது. உள்ளேயும் வெளியேயும் ஆயிரக்கணக்கில் ஜனம். முடிவு ஒன்றுதான்: இனி ஊருக்குள் இருக்கிற வெள்ளையர் கடைகளில் சாமான் வாங்குவதில்லை. அலபாமாவில் பகிஷ்காரம் சட்டவிரோதம். அதனால் அந்த வார்த்தையையே அவர்கள் சொல்லவில்லை. ‘நண்பர்களிடம் மட்டும் வாங்குவோம்’ என்றார்கள். யார் நண்பர் என்று சொல்லச் சட்டம் இல்லையே. மாநில அட்டர்னி ஜெனரல் ஜான் பேட்டர்சன் சங்க அலுவலகத்தைச் சோதனை போட்டார், வழக்குப் போட்டார். 1958இல் அந்த வழக்கு தோற்றது. பேட்டர்சன் அதே ஆண்டு கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். இந்த மாதிரி வேலைகள்தான் அவருக்கு முதலீடு. ஆனால் கடைத்தெரு படுத்துவிட்டது. பல கடைகள் இழுத்து மூடப்பட்டன.

இது எப்படி முடிந்தது என்பதில்தான் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அந்த ஊர்க் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் சம்பளம் உள்ளூர் வெள்ளையர் கையில் இல்லை. கல்வி நிலையம் அவர்களுடையது. மருத்துவமனைச் சம்பளம் வாஷிங்டனிலிருந்து வருகிறது. எதிர்த்தால் வேலை போகாது. அதே கவுண்டியில் பத்து மைல் தள்ளி, வாரத்துக்குப் பருத்தி உழுத கறுப்பினக் குடும்பங்களால் இதைச் செய்திருக்க முடியுமா? நிலம் அவனுடையது, குடிசை அவனுடையது, கடன் கணக்கு நோட்டும் அவனுடையது.

அந்த மக்களின் கதையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். 1932 தொடங்கி 1972 வரை, நாற்பது வருஷம், மத்திய அரசின் பொதுச் சுகாதாரத் துறை மேக்கன் கவுண்டியின் ஏழைக் கறுப்பின ஆண்கள் ஏறத்தாழ 600 பேரை வைத்து ஓர் ‘ஆராய்ச்சி’ நடத்தியது. அதில் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. நோய் என்னவென்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. நோய் முற்றி உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்கு டஸ்கீகி கல்வி நிலையத்தின் மருத்துவமனையும் இடம் கொடுத்தது. கறுப்பின நர்ஸ் ஒருவர் அவர்களைக் கூட்டிவந்து கூட்டிப்போனார். ஓட்டுக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன அதே ஊரில், அதே ஆண்டுகளில், இது நடந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லி யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற நாம், நான் உட்பட, தெருவின் சார்பாகப் பேச எழுந்திருக்கும்போதெல்லாம் அந்த 399 பேர் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

வழக்குக்கு வருவோம். கொமில்லியன் எதிர் லைட்ஃபுட். லைட்ஃபுட் அப்போதைய மேயர். வழக்கறிஞர் ஃபிரெட் கிரே; அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஊர் எல்லையை வரைவது மாநிலத்தின் உரிமை, நாங்கள் தலையிட முடியாது என்று கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. மேல்முறையீட்டிலும் தோல்வி. 1960 நவம்பர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர். தொகுதி வரைகிற விவகாரத்தில் நீதிமன்றம் மூக்கை நுழைக்கக் கூடாது என்று 1946இல் எழுதிய அதே மனிதர். அவரையே அந்த 28 பக்க வரைபடம் அசைத்துவிட்டது. 1961இல் ஊர் மறுபடி சதுரமாயிற்று. அதே ஆண்டு மத்திய நீதிமன்றம் பதிவு வாரியத்தின் தில்லுமுல்லுகளையும் பட்டியல் போட்டு நிறுத்தியது.

இனிமேல்தான் சிக்கல். 1964இல் கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மை. நகரசபை முழுவதையும் பிடித்திருக்கலாம். கொமில்லியன் பிடிக்க வேண்டாம் என்றார். நம்மை ஒதுக்கியதுபோல நாம் அவர்களை ஒதுக்கக் கூடாது, அனுபவம் வரட்டும், சேர்ந்து ஆளலாம் என்பது அவர் கட்சி. அதன்படி கறுப்பர் இருவர் மட்டும் நகரசபைக்குப் போனார்கள், மற்றவர்கள் வெள்ளையர். அப்போதே எதிர்ப்பு இருந்தது. ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும் 1967இல் எழுதிய ‘பிளாக் பவர்’ நூலில் டஸ்கீகிக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. பணிந்து போகிற அரசியல் என்று அதற்குத் தலைப்பு வைத்தார்கள். ஹாமில்டன் டஸ்கீகியிலேயே பாடம் நடத்தியவர். வெளியிலிருந்து வந்து பேசியவர் அல்ல.

நான் யார் பக்கம்? இளம் வயதில் படித்தபோது முழுக்கக் கார்மைக்கேல் பக்கம். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கொமில்லியனைப் பயந்தாங்கொள்ளி என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருபது வருஷம் அந்த வரிசையில் நின்றவர். அவர் தப்பு வேறு இடத்தில் இருந்தது. நல்லெண்ணம் காட்டினால் வெள்ளையர்கள் ஊரில் தங்கிவிடுவார்கள் என்று நம்பினார். அவர்கள் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்கள். 1963 செப்டம்பரில் டஸ்கீகி உயர்நிலைப் பள்ளியில் 13 கறுப்பினப் பிள்ளைகள் சேர வந்தபோது, கவர்னர் ஜார்ஜ் வாலஸ் போலீசை அனுப்பிப் பள்ளியைச் சுற்றி வளைத்தார். மத்திய அரசு தலையிட்டுப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். உடனே வெள்ளைப் பிள்ளைகள் மொத்தமும் வெளியேறி, அவர்களுக்கென்று ஒரு தனியார் பள்ளி முளைத்தது.

1966 ஜனவரி 3. சாமி யங் என்கிற மாணவர், கடற்படையிலிருந்து திரும்பியவர், வாக்காளர் பதிவு வேலை செய்தவர். ஒரு பெட்ரோல் பங்கில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கழிப்பறையைப் பயன்படுத்தப் போன தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த டிசம்பரில், பக்கத்துக் கவுண்டியில், முழுக்க வெள்ளையர் அமர்ந்த ஜூரி சுட்டவரை விடுதலை செய்தது. ஊர் நடுவில் 1906இல் வைத்த ஒரு சிலை. அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்ட படையின் சிப்பாய். மாணவர்கள் அதன் முகத்தில் கறுப்பு பெயின்ட் பூசினார்கள், முதுகில் மஞ்சள் கோடு இழுத்தார்கள். அதே 1966இல் மூத்தவர்கள் பலர் தயங்கித் தயங்கி நிற்க, லூசியஸ் அமர்சன் என்கிற இளைஞர் ஷெரீப் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1967 ஜனவரியில் பதவியேற்றார். தென்மாநிலங்களில் அந்த நூற்றாண்டின் முதல் கறுப்பின ஷெரீப். போலீஸ் நம்ம ஆள் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. அலபாமாவில் அந்தக் காலத்தில் கட்சிகளுக்குத் தேர்தல் சின்னம் உண்டு. ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதற்கு மேல் ‘வெள்ளை ஆதிக்கம்’ என்றே அச்சடித்திருந்தார்கள். 1966 வரைக்கும்! டஸ்கீகியிலிருந்து ஒரு கவுண்டி தாண்டினால் லவுண்ட்ஸ் கவுண்டி. அங்கே வாரக் குடியானவர்கள் தங்களுக்கென்று ஒரு கட்சி கட்டி, சேவலுக்கு எதிராகத் தேர்ந்தெடுத்த சின்னம் கருஞ்சிறுத்தை. அதைத்தான் 1966 அக்டோபரில் ஓக்லாந்து இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1972இல் அது பம்பாய்க்கு வந்து தலித் பேந்தர் ஆயிற்று. 1980களில் மதுரைக்கு வந்தது. நம் கொடிகளில் பாய்கிற மிருகம் முதலில் ஒரு சின்ன கவுண்டியின் வாக்குச்சீட்டில் படமாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் விரல் வைத்துக் காட்டுவதற்காகப் போட்ட படம்.

1972இல் ஜானி ஃபோர்ட் டஸ்கீகியின் முதல் கறுப்பின மேயர். அவர் செய்தது பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் நிக்சனை ஆதரித்தார். வாஷிங்டன் பணம் ஊருக்கு வந்தது. பின்னாளில், 2003இல், கட்சியே மாறினார். சந்தர்ப்பவாதம் என்று திட்டலாம். ஆனால் லூயிஸ் ஆடம்ஸ் செய்ததும் கட்சி மாறிப் போட்டதுதானே? வித்தியாசம் எங்கே என்று யோசித்தேன். ஆடம்ஸ் கேட்ட பள்ளிக்கூடம் நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறது. மத்திய மானியம் ஆட்சி மாறினால் நின்றுவிடும். இதே வரிசையில் 1982இல் ஜார்ஜ் வாலஸ், மன்னிப்புக் கேட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கணிசமான கறுப்பின ஓட்டோடு மறுபடி கவர்னரானார். அதை எப்படிப் புரிந்துகொள்வது? மன்னித்தார்களா, வேறு ஆளில்லையா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

வெள்ளையர்கள் போய்விட்டார்கள். கடைகள், முதலீடு எல்லாம் கூடவே போனது. ஓட்டு கையில் வந்தபோது ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. ஷெரீப், மேயர், ஜூரி, பள்ளி வாரியம் எல்லாம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. 1984இல் கவுண்டியில் ஒரு நாய்ப் பந்தய மைதானம் வந்தது, பிறகு பிங்கோ சூதாட்டம். நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதுதான் வேலை. 2013இல் மாநில அரசு புகுந்து எந்திரங்களை அள்ளிக்கொண்டு போனது. சூதாட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எண்பது சதவீதம் ஒரு பக்கம் விழும் ஊரின் வருமானம் அந்த எண்பதைப் பற்றிக் கவலைப்படாத ஒரு மாநிலத் தலைநகரின் கையில் இருக்கிறது.

கோடு வரைகிற வேலையும் நிற்கவில்லை. 1965 வாக்குரிமைச் சட்டப்படி அலபாமா போன்ற மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றினால் முன் அனுமதி வாங்கணும். 2013 ஜூன் 25ஆம் தேதி, அதே ஜூன் 25, உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செயலற்றதாக்கியது. வழக்கைத் தொடுத்தது அலபாமாவின் இன்னொரு கவுண்டிதான். மாநிலத்தில் நாலில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர். நாடாளுமன்றத்துக்கு ஏழு தொகுதி. கறுப்பின வேட்பாளர் ஜெயிக்கக்கூடிய தொகுதி ஒன்றே ஒன்று. மேக்கன் கவுண்டி, தன் எண்பது சதவீதத்தோடு, ஒரு பெரிய குடியரசுக் கட்சித் தொகுதிக்குள் கரைந்து கிடந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அந்த வரைபடம் செல்லாது என்றது. மாநிலம் மறுபடியும் வேறொரு தில்லுமுல்லு வரைபடம் கொண்டுவர, நீதிமன்றமே ஆள் வைத்துப் புதிதாக வரைய வேண்டியதாயிற்று. 2024 நவம்பரில் மேக்கன் கவுண்டி அந்தப் புதிய இரண்டாவது தொகுதியில் ஓட்டுப் போட்டது. ஷொமாரி ஃபிகர்ஸ் என்கிற கறுப்பின வேட்பாளர் ஜெயித்தார்.

28 மூலை வழக்கை நடத்திய ஃபிரெட் கிரேதான், மேகநோய் ஆராய்ச்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் 1973இல் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கித் தந்தார். அவருடைய வழக்கறிஞர் அலுவலகம் டஸ்கீகியில். 2021இல் மான்ட்கமரி நகரம் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தது; அடிமை முறைத் தலைவன் ஜெஃபர்சன் டேவிஸ் பெயரில் இருந்த தெரு. பழைய பெயரை எடுத்ததற்காக மாநில அரசு நகரத்துக்கு 25,000 டாலர் அபராதம் போட்டது.

தேநீர் வந்திருக்கிறது போலிருக்கிறது. குடித்துவிட்டுக் கேள்விகளுக்கு வருவோம். கொமில்லியன் செய்தது சரியா தப்பா என்பதில் என்னோடு முரண்படுகிறவர்கள் முதலில் பேசுங்கள்.